உச்சிக்குப் போகும் வழியில் எது கெட்டால் என்ன செய்வது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

சிங்கப்பூரில் மலையேறிப் பழக நமக்கு இருப்பது புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர் சொச்சம். அங்கே இரவு தங்கவும் முடியாது, மாலை 7 மணிக்குப் பாதையை மூடிவிடுவார்கள். அதனால் உச்சியில் விடியலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லை தாண்டித்தான் போகிறோம். முதலில் மலேசியாவின் ஜொகூரில் குனோங் லேடாங், 1,276 மீட்டர். அப்புறம் சபாவில் கினபாலு, 4,095 மீட்டர். இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் ரிஞ்சானி, 3,726 மீட்டர். கினபாலுவில் பனலாபான் விடுதியில்தான் படுக்கை. ரிஞ்சானியில் எரிமலை வாயின் விளிம்பில், 2,639 மீட்டர் உயரத்தில் கூடாரம்.

நண்பர்களோடும் உறவுக்காரப் பிள்ளைகளோடும் இந்த மூன்று மலைகளுக்கும் போய்வந்ததில் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. மலையில் கைவிடும் பொருளும் உடம்பும் பெரும்பாலும் வீட்டிலேயே பழுதாகி இருக்கின்றன. நம் ஊர் ஈரக்காற்று, பொருள்களை அடைத்து வைக்கும் பாதுகாப்பறை, மின்தூக்கிப் பழக்கம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை மேலே போன பிறகுதான் தெரியவருகிறது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்த இடத்தில் செய்ய வேண்டியதையும், வீட்டில் எங்கே பார்த்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதல் இரண்டு அறிகுறிகளைக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். 3,000 மீட்டரில் தலையைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் தேடிப் படிக்க முடியாது.

தலை வலிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது

2,500 மீட்டருக்கு மேல் தலைவலி வந்து, கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான அசதி இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியாதவரை அதை உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயில், பஸ் பயணம், காலையில் காபி குடிக்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வது எளிது. அப்படிச் சொல்லிக்கொண்டு மேலே போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது, ஏறுவதை நிறுத்துவது. உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எடுக்கும் தலைவலி மாத்திரை ஒன்று போடலாம். மது கூடாது, தூக்க மாத்திரையும் கூடாது. தூக்கத்தில் இரண்டும் மூச்சை மந்தப்படுத்தும். பிறகு காத்திருந்து பாருங்கள். அறிகுறி முழுக்க நீங்கினால் ஏறலாம். அப்படியே இருந்தால் அதே உயரத்தில் தங்குங்கள். கூடினால் இறங்குங்கள், இரவாக இருந்தாலும் வழிகாட்டியை எழுப்பிச் சொல்லுங்கள். 300 மீட்டர் இறங்கினாலே பலருக்கு வித்தியாசம் தெரியும். சிலர் இன்னும் கீழே போக வேண்டியிருக்கும்.

பனலாபானில் ஒருமுறை நடந்தது இது. மாலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். என் அக்கா மகன் தட்டில் சோறும் கோழியும் போட்டுக்கொண்டு வந்தவன், கரண்டியால் சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தான். வாயில் எதுவும் போகவில்லை. வீட்டில் மூன்று முறை போட்டுச் சாப்பிடுகிற பிள்ளை. “என்னடா?” என்றேன். “ஒன்னும் இல்ல மாமா, லேசா தலை வலிக்குது. படுத்தா சரியாயிடும்.” தரைப் பலகையின் கோட்டைக் காட்டி, குதிகாலும் விரல்நுனியும் தொடும்படி நடக்கச் சொன்னேன். கோணாமல் நடந்தான். சரி, மூளை வரை போகவில்லை என்று கொஞ்சம் நிம்மதி. ஆனால் நள்ளிரவில் எழுந்தபோதும் தலைவலி விடவில்லை. நாங்கள் உச்சிக்குக் கிளம்பும்போது அவன் படுக்கையிலேயே இருந்தான், வழிகாட்டிகளில் ஒருவர் கூட இருந்தார். விடிந்ததும் அவரோடு மெதுவாக இறங்கினான். நாங்கள் மதியம், ஏற்றம் தொடங்கும் இடமான திம்போன் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டாவது தட்டு மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இது ஏன் நமக்கு அடிக்கடி வருகிறது? நாம் கடல்மட்டத்துக்காரர்கள். கோத்தா கினபாலுவில் இறங்கி, மறுநாள் காலையில் 1,866 மீட்டரில் உள்ள திம்போன் வாசலில் தொடங்கி, மாலைக்குள் 3,270 மீட்டருக்குப் போய்ப் படுக்கிறோம். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. நம் பயணத் திட்டம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். நல்ல உடற்பயிற்சி இதற்குப் பாதுகாப்பு ஆகாது. வேகமாக ஏறக்கூடிய இளைஞர்கள்தான் பல நேரம் முதலில் படுக்கிறார்கள்.

தடுப்பதற்கு விடுப்பில் ஒரு நாள் கூடுதலாக எடுங்கள். முதல் இரவு நகரத்தில் தங்காமல், 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் கினபாலு பூங்காத் தலைமையகத்தின் பக்கத்திலேயே தங்குங்கள். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழக உதவும். ஆனால் அதை மருத்துவரிடம் கேட்டு, முன்கூட்டியே தொடங்க வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். நண்பரின் பெட்டியிலிருந்து இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது.

நடை தள்ளாடுகிறது, அல்லது உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்குகிறது

இதற்குக் காத்திருந்து பார்ப்பது கிடையாது.

கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் மூளையில் வீக்கம். ஓய்விலும் மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை, மார்பில் களகளவென்று சத்தம், சளியில் நுரையோ இளஞ்சிவப்போ தெரிகிறது என்றால் நுரையீரலில் நீர். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரை எடுக்கக்கூடியவை. வழிகாட்டியிடம் உடனே சொல்லி, ஆக்சிஜன் இருந்தால் கொடுத்து, கீழே இறக்குங்கள். தனியாக இறங்க விடாதீர்கள். நுரையீரலில் நீர் என்று சந்தேகம் இருந்தால் அவரை நடக்க விடுவதையும் முடிந்தவரை குறைத்து, தூக்கி இறக்கப் பாருங்கள்.

“இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே, பார்த்துட்டு இறங்கிடலாம்” என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். பணம் கட்டியாயிற்று, விடுப்பு எடுத்தாயிற்று என்ற ஆதங்கம் எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் கூட்டத்தில் மூத்தவர் யாரோ அவர் வாயைத் திறக்க வேண்டும். கிளம்பும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து பேசும்போதே, திரும்பச் சொல்லும் உரிமை யாருக்கு என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

காலணியின் சோல் வாயைப் பிளக்கிறது

சிங்கப்பூர்க்காரர்களுக்கே உரிய பழுது என்று இதைத்தான் சொல்வேன். லேடாங் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்திருப்போம், முன்னால் போன நண்பரின் வலது காலணி தட் தட்டென்று அடிக்கத் தொடங்கியது. குனிந்து பார்த்தால் குதிகால் பக்கம் சோல் தொங்குகிறது. அதற்கும் மேல்பகுதிக்கும் நடுவே இருந்த நுரை அடுக்கு, டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி விரல் பட்டதும் உதிர்ந்தது. அரை மணி நேரத்தில் இடது காலும் அதே கதை. காலணியோ பார்க்கப் புதுசு. மொத்தமே நான்கு முறைதான் போட்டிருந்தார், பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தார்.

பத்திரமாக வைத்ததுதான் காரணம். பல மலைக் காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையை உள்ளிருந்து மெதுவாகச் சிதைக்கும். நம் ஊரில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். மூடிய பெட்டியில் சில ஆண்டுகள் கிடந்தால் வெளியே பளபளப்பாகவும் உள்ளே பொடியாகவும் இருக்கும். அடிக்கடி போட்டு நடக்கும் காலணியில் நுரை அமுங்கி விரிந்து ஈரத்தை வெளியே தள்ளுவதால், அது பல நேரம் கூடுதலாகத் தாங்குகிறது.

மலையில் செய்ய வேண்டியது: ஓடையில் நனைத்துக்கொள்ளாமல் காலணியைத் துடைத்துக் காய வையுங்கள். டக்ட் டேப்பை முன்பாதத்தைச் சுற்றி ஒரு கட்டு, நடுப்பாதத்தில் ஒரு கட்டு போடுங்கள். டேப் பாறையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் அதற்கு மேல் மெல்லிய கயிற்றை எட்டு வடிவில் சோலுக்கு அடியில் கொடுத்து, கணுக்காலில் முடியுங்கள். கேபிள் டை இருந்தால் இன்னும் நல்லது, விரல்களுக்குப் பின்னால் ஒன்றும் குதிகாலுக்கு முன்னால் ஒன்றும். முடிச்சும் வாலும் பாதத்தின் மேல்பக்கம் இருக்கட்டும். அப்புறம் உச்சியை மறந்துவிட்டு இறங்குங்கள். இந்தக் கட்டு இறங்குவதற்குத்தான் போதும். பசை போட்டு ஒட்ட முயல வேண்டாம், பொடியின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

வீட்டில் சோதிக்க ஒரு நிமிடம் போதும். நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மீண்டு வராமல் பள்ளம் நின்றாலோ, நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ அதோடு மலைக்குப் போகாதீர்கள். காலணியை இரண்டாக வளைத்து, சோலும் மேல்பகுதியும் சேரும் ஓரத்தைப் பாருங்கள். அப்புறம் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு முதுகில் சுமையோடு மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில் ஒரு முழுச் சுற்று போய்வாருங்கள். உதிரப் போகிற சோல் அங்கேயே உதிரட்டும், வீட்டுக்கு பஸ் இருக்கிறது.

படுத்து இரண்டு மணி நேரமாகியும் குளிர் விடவில்லை

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். நம் வீட்டில் இரவு 25 டிகிரி என்றால், ரிஞ்சானி விளிம்பில் எட்டு, ஒன்பது டிகிரி. கினபாலு உச்சியில் உறைநிலை. காற்று அடித்தால் உடம்புக்கு இன்னும் குறைவாகத் தெரியும். குளிர்சாதனத்தை 18-ல் வைத்துத் தூங்குகிறோமே என்று நினைக்காதீர்கள், அங்கே ஒரு போர்வையும் மெத்தையும் இருக்கிறது.

மெத்தை என்று சொன்னது காரணத்தோடுதான். குளிர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். முதுகும் இடுப்பும் சில்லிட்டு, மேல்பக்கம் பரவாயில்லை என்றால் ஸ்லீப்பிங் பேக்கில் குறையில்லை. தரைதான் சூட்டை இழுக்கிறது. உங்கள் எடையால் அடியிலிருக்கும் பஞ்சு அமுங்கிவிட்டதால் அது தடுக்காது. பையைக் காலி செய்து, மழைச்சட்டை, காலிப்பை, காய்ந்த துணி எல்லாவற்றையும் பாய்க்கு அடியில் பரப்புங்கள். காற்றடைத்த பாய் என்றால் காற்று இறங்கியிருக்கிறதா பாருங்கள்.

மேல்பக்கம் குளிர்ந்தால் முதலில் உடுப்பைத் தொட்டுப் பாருங்கள். ஏறிவந்த வியர்வைச் சட்டையோடு படுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடியும்வரை காயாது. சோம்பல் பார்க்காமல் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். உள்ளாடை, காலுறையும் சேர்த்துத்தான். தலைக்குத் தொப்பி. கழுத்துப் பக்கம் நாடாவை இழுத்து மூடுங்கள், ஆனால் வாயை உள்ளே வைத்து மூச்சு விடாதீர்கள், பஞ்சு நனையும். சிறுநீர் முட்டினால் எழுந்து போய்வாருங்கள், அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கமும் வராது. மூடி இறுகிய பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் நன்றாகச் சூடு பிடிக்கும். ஒரு பிடி கடலை மிட்டாயோ பேரீச்சையோ சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

நடுக்கம் பரவாயில்லை, உடம்பு போராடுகிறது என்று பொருள். கை விரல்கள் ஜிப்பைப் பிடிக்க முடியாமல் தடுமாறினால், பேச்சு இழுத்தால், சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்றுபோனால் அது ஆபத்து. ஈரத்தைக் கழற்றி, காய்ந்த பைக்குள் போட்டு, பக்கத்தில் இன்னொருவர் ஒட்டிப் படுத்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான பானம் கொடுத்து, உதவி கூப்பிடுங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியது இரண்டு. ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறையில் திணித்தே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் பஞ்சு செத்துவிடும். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, அலமாரியில் மேல்தட்டில் வையுங்கள். அட்டையில் இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள், ஒன்று வசதியாகத் தூங்குவதற்கு, இன்னொன்று கடைசி எல்லை. வாங்கும்போது முதலாவதைப் பாருங்கள். நம்மைப் போல வெப்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைவிட ஐந்து டிகிரி கூடுதல் குளிரைத் தாங்குவதாகப் பார்த்து வாங்குவதுதான் என் வழக்கம்.

காலையில் கூடாரத்தின் உள்பக்கம் நனைந்திருக்கிறது

ஒழுகல் என்று பதறும் முன் விரலால் தடவுங்கள். உள்பக்கம் முழுக்கப் பனி மாதிரி சின்னச் சின்னத் துளிகள் பரவியிருந்தால் அது உங்கள் மூச்சு. இரவு முழுக்க இரண்டு பேர் விடும் மூச்சில் இரண்டு பெரிய தம்ளர் தண்ணீர் இருக்கும். குளிர்ந்த துணியில் பட்டு அது துளியாகிறது. மேல்விரிப்பின் காற்றுத் துளைகளைத் திறந்து, எதிரெதிரே இரண்டு ஜிப்பைக் கையகலம் விட்டு, மேல்விரிப்பு உள்துணியில் ஒட்டாமல் இழுத்துக் கட்டினால் பாதி குறையும். ஈரத்துணியை உள்ளே தொங்கவிட வேண்டாம். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் கூடத்தான் செய்யும்.

ஒரே இடத்தில், தையலோரமாகச் சொட்டினால் அதுதான் ஒழுகல். தையலின் மேல் ஒட்டிய நாடா உரிந்திருக்கும். அன்றைக்கு டக்ட் டேப்பை வெளிப்பக்கம் துடைத்து ஒட்டிச் சமாளிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பழைய நாடாவை உரித்துவிட்டுத் தையல் பசை பூசுங்கள்.

முளை நிற்கவில்லை, காற்றில் கூடாரம் ஆடுகிறது

ரிஞ்சானி விளிம்பில் தரை எரிமலை மணலும் சரளையும். ஊசி முளை வெண்ணெயில் குத்தியது போல வந்துவிடும். முளையைக் குத்துவதை விடுங்கள். ஒரு துணிப்பையிலோ பிளாஸ்டிக் பையிலோ மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். பை இல்லாவிட்டால் ஒரு குச்சியைப் படுக்கை வசத்தில் புதைத்துக் கட்டலாம், பெரிய கல்லில் சுற்றலாம். கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றை நோக்கட்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் முகாம் அனுமதி எடுத்து ஓர் இரவு தங்கினால் கடற்காற்றில் இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

அடுப்பு எரிகிறது, ஆனால் தண்ணீர் கொதிக்கவில்லை

சுடர் சின்னதாக, மஞ்சளாக, சோம்பலாக எரிகிறது. கேஸ் டின்னை ஆட்டினால் உள்ளே திரவம் இருக்கும் சத்தம் கேட்கிறது. டின்னின் அடிப்பக்கம் ஜில்லென்று, சில நேரம் பனி பூத்து இருக்கும். அப்படியென்றால் கேஸ் தீரவில்லை, ஆவியாக மறுக்கிறது.

வீட்டில் ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடும் நீள டின்களில் பெரும்பாலும் பியூட்டேன்தான். அது ஆவியாகும் வெப்பநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. வெளியே எட்டு டிகிரி இருக்கிறதே என்றால், ஆவியாகும்போது டின் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் சுடர் சாய்ந்துவிடும். மலைக்கு விற்கும் டின்னில் ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்திருக்கும். அவை முறையே பூஜ்யத்துக்கு 12 டிகிரியும் 42 டிகிரியும் கீழே ஆவியாகும். எதுவானாலும் விமானத்தில் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் முடியாது. அங்கே இறங்கி வாங்கும்போது டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: அடுப்பை அணைத்து, டின்னைக் கழற்றி, சட்டைக்குள் பத்து நிமிடம் வையுங்கள். இரவில் ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் போட்டுவைத்தால் விடியலில் நன்றாக எரியும். எரியும்போது நேரே தரையில் வைக்காமல் மரத்துண்டின் மேல் வையுங்கள். நெருப்பில் காட்டாதீர்கள். காற்றைத் தடுக்கக் கற்களை அடுக்கலாம், ஆனால் டின்னையும் சேர்த்துச் சுற்றி மூடிவிட்டால் அது சூடேறி வெடிக்கும்.

குளிருக்காகக் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தீ ஒரு பக்கம் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் தூக்கமும்தான் அறிகுறி. உயரத்தில் அதை உயர நோய் என்றே நினைத்துக்கொள்வோம்.

சுடர் நன்றாக இருந்தும் சோறு வேகவில்லை என்றால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. 2,600 மீட்டரில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அரிசியை அரை மணி நேரம் ஊற வைத்து, மூடியின் மேல் கல் வைத்து, இறக்கிய பிறகும் துணி சுற்றிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பருப்பு மட்டும் வேண்டாம், கேஸ்தான் தீரும். எங்கள் கூட்டத்தில் இப்போது அவல்தான். வெந்நீர் ஊற்றி, ஊறுகாய் பாக்கெட்டைப் பிரித்தால் சாப்பாடு முடிந்தது.

தலைவிளக்கு மங்குகிறது

உச்சிக்குக் கிளம்புவது அதிகாலை 2 மணி வாக்கில். அப்போது மங்கினால் பேட்டரியைக் கழற்றி அக்குளில் ஐந்து நிமிடம் வைத்துப் போட்டுப் பாருங்கள், சாதாரண அல்கலைன் பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி தாங்கும். பைக்குள் பொத்தான் அழுந்தி முந்தின நாளே எரிந்து தீர்ந்திருக்கவும் கூடும், அதனால் பயணத்தின்போது ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வையுங்கள். நெடுநாள் சும்மா கிடந்த விளக்கில் தொடுமுனையில் பச்சை பூத்திருக்கும், அழிப்பானால் தேய்த்தால் போய்விடும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள், கயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது, ஏறும்போது ஒன்றும் இல்லை

கினபாலுவில் இரண்டாம் நாள் உச்சியிலிருந்து திம்போன் வாசல் வரை 2,200 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஒரு 12 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிகளை ஏறத்தாழ 70 முறை இறங்குவதற்குச் சமம், அதுவும் ஒரே நாளில். அதற்கு நாம் எப்படிப் பழகுகிறோம்? தரைத்தளத்திலிருந்து 12-ஆம் மாடிக்கு வியர்க்க வியர்க்க ஏறி, மின்தூக்கியில் இறங்கி, மறுபடி ஏறுகிறோம். நெஞ்சும் மூச்சும் பழகுகின்றன. தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை ஒரு முறைகூடச் செய்து பார்க்கவில்லை. மலையில் அந்தத் தசை இரண்டு மணி நேரத்தில் களைத்துவிடுகிறது, பிறகு ஒவ்வொரு படியும் மூட்டில் இடிக்கிறது.

வலி தொடங்கிவிட்டால் அடியைச் சின்னதாக்குங்கள். காலை விறைப்பாக நீட்டி ஊன்றாமல் முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். ஊன்றுகோலை ஏறும்போது இருந்ததைவிடக் கையகலம் நீட்டி, கீழ்ப்படியில் முதலில் கோலை ஊன்றி, பிறகு காலை வையுங்கள். உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கலாம். ஒரு கால்தான் வலிக்கிறது என்றால் அந்தக் காலை முதலில் கீழே வைத்து, நல்ல கால் எடையைத் தாங்கட்டும். முட்டியின் வெளிப்பக்கம் கத்தி குத்துவது போல வலித்தால், அது தொடையின் பக்கவாட்டுப் பட்டை உரசுவது. நின்று நின்று, இடுப்பையும் தொடையையும் நீட்டி மடக்கிவிட்டுப் போனால் ஓரளவு குறையும். பையிலுள்ள எடையை வலியில்லாதவர்களிடம் பிரித்துக் கொடுங்கள், கேட்க வெட்கம் வேண்டாம். மூட்டு வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ நடப்பதை நிறுத்தி உதவி கேளுங்கள்.

பயிற்சியில் மாற்ற வேண்டியது ஒன்றுதான். மின்தூக்கியை விட்டுவிடுங்கள். ஏறிய மாடியெல்லாம் இறங்குங்கள், முதல் வாரம் பை இல்லாமல், பிறகு இரண்டு பாட்டில் தண்ணீரிலிருந்து தொடங்கிக் கூட்டுங்கள். முதல்முறை இறங்கிய மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு கழிவறையில் உட்காரக்கூட முடியாது. அந்த வலி வீட்டிலேயே வந்து தீரட்டும். ஆறு முதல் எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் போதும்.

சில சின்னத் தொல்லைகள்

குதிகாலில் சூடாக உரசுகிறது என்றால் அப்போதே நின்று டேப் ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு வேலை அதிகம். கால்விரல் நுனி இறக்கத்தில் இடித்தால் கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டி, குதிகால் பின்னால் உட்காரும்படி செய்யுங்கள், நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டியிருக்க வேண்டும். லேடாங்கில் மழைக்குப் பிறகு அட்டை ஏறினால் நகத்தை அதன் வாய்க்கடியில் கொடுத்துத் தள்ளி எடுங்கள். உப்பும் நெருப்பும் வேண்டாம். அட்டை இரத்தத்தை உறையவிடாது, அதனால் வெகுநேரம் கசியும், பயப்பட வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலை விடாமல் குடியுங்கள், அன்றைக்கு உச்சி கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு கூடாரம் நாறுகிறது, துணி பிசுபிசுக்கிறது

புளித்த வாடை, தொட்டால் ஒட்டுகிறது என்றால் காலணியின் நுரைக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்திருக்கிறது. நீர் புகாமல் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைகிறது. தரைவிரிப்பு மட்டும் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு அடித்துப் பார்க்கலாம். மேல்விரிப்பே போய்விட்டது என்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தால் பூஞ்சை. கழுவிக் காயவைத்தால் பரவுவது நிற்கும், கறை போகாது.

காயவைப்பதற்கு வரவேற்பறை மின்விசிறி மட்டும் போதாது. வந்த அன்றைக்கே, பயணக் களைப்போடு களைப்பாக, மேல்விரிப்பையும் உள்கூடாரத்தையும் பிரித்துத் துணி காயப்போடும் கழியில் போடுங்கள். முளைகளையும் கொக்கிகளையும் முதலில் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், பத்தாம் மாடியிலிருந்து ஓர் அலுமினிய முளை விழுந்தால் கீழே போகிறவர் தலை தாங்காது. நான்கு இடத்தில் கிளிப் போடுங்கள். உச்சி வெயில் வேண்டாம், துணி நைந்துவிடும். காலை வெயிலும் காற்றும் போதும். ஒருமுறை திருப்பிப் போட்டு, தையலோரம் விரலுக்குச் சற்றும் குளிர்ச்சி தெரியாதவரை காயட்டும். பிறகு பாதுகாப்பறைக்குள் உறையில் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அந்த டப்பாவில் தண்ணீர் நிறைகிறதா என்று மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், அப்போதே பக்கத்தில் இருக்கும் காலணியின் நடு அடுக்கையும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள்.